கடோலினியம் நைட்ரைடு: ஆக்சைடு கலக்காமல் தயாரித்து அளவிட ஒரு முழுமையான வழிகாட்டி

கடோலினியம் ஓர் அருமண் (rare earth) உலோகம். சூடான கடோலினியத்துக்கு நைட்ரஜன் கொடுத்தால் நைட்ரைடு, அதாவது இரண்டும் சேர்ந்த சேர்மம், உண்டாகிவிடும். அது பெரிய வித்தையில்லை. ஆனால் அதே உலோகம் ஆக்சிஜனை அதைவிடப் பல மடங்கு ஆவலோடு இழுத்துக்கொள்ளும். ஆகவே முழு வேலையும் ஆக்சிஜனை எங்கெங்கே, எந்த வரிசையில் தடுக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. புதிதாக வரும் ஆராய்ச்சி மாணவர்கள் உலையின் வெப்பநிலை பற்றித்தான் முதலில் கேட்பார்கள். பெரும்பாலும் காரியம் கெடுவது உலைக்கு முன்னும் பின்னும்தான்.

இங்கே சொல்வது ஹைட்ரைடு வழி: உலோகத்தை முதலில் ஹைட்ரைடாக்கி (ஹைட்ரஜனோடு சேர்ந்த சேர்மமாக்கி), பொடித்து, பிறகு நைட்ரைடாக மாற்றுவது. 1 அல்லது 2 கிராம் அளவுக்கு இது நன்றாக வரும். டிஸ்ப்ரோசியம், ஹோல்மியம், எர்பியம் நைட்ரைடுகளுக்கும் ஏறக்குறைய இதே வரிசை பொருந்தும். எண்களை மட்டும் மாற்றிக் கணக்கிட வேண்டும்.

எதை எதிர்பார்க்கிறோம் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்க வேண்டியது கருமையான தூள். சாதாரண உப்பின் படிக அமைப்பு, செல் நீளம் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் அலகின் பக்க நீளம்) 4.98 முதல் 5.00 ஆங்ஸ்ட்ராம், அடர்த்தி சுமார் 9.1 கிராம்/க.செ.மீ. எடையில் 8.18 சதவீதம் நைட்ரஜன். 60 கெல்வின் வட்டாரத்துக்குக் கீழே ஃபெர்ரோ காந்தம், அதாவது இரும்பு மாதிரி வலுவான காந்தம்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஆக்சிஜனும் ஈரமும் 1 பி.பி.எம்.முக்குக் (பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக்) கீழே உள்ள ஆர்கான் கிளவ் பாக்ஸ், அதாவது கையுறை வழியாக உள்ளே வேலை செய்யும் மூடிய பெட்டி. இது இல்லாமல் தொடங்காதீர்கள். நைட்ரைடு தூள் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து ஹைட்ராக்சைடாகவும் அம்மோனியாவாகவும் பிரிந்துவிடும். மூடியைத் திறந்ததும் அம்மோனியா வாசனை வந்தால் மாதிரி ஏற்கெனவே கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

வெற்றிட பம்ப், அழுத்தமானி, வால்வு பொருத்திய குவார்ட்ஸ் குழாய் உலை. 1000 °செ வரை குவார்ட்ஸ் போதும். ஆனால் மாதிரி குவார்ட்ஸைத் தொடவே கூடாது. சிலிக்காவிலிருந்தும் அலுமினாவிலிருந்தும் ஆக்சிஜனைப் பறிக்கும் வலு கடோலினியத்துக்கு உண்டு. அதனால் அலுமினா படகும் (மாதிரியை வைக்கும் திறந்த சிறு தட்டும்) வேண்டாம்.

மாலிப்டினம் தகட்டில் மடித்த படகு எடுங்கள். அருமண் உலோகங்களுக்கு டாண்டலம்தான் வழக்கம் என்று படித்துவிட்டுப் பலர் அதை வைப்பார்கள். உருக்குவதற்கு அது சரி. இங்கே ஹைட்ரஜன் வருகிறது. டாண்டலம் அதை உறிஞ்சி நொறுங்கிப்போகும், துணுக்குகள் மாதிரியில் கலந்துவிடும். மாலிப்டினத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஹைட்ரஜனும் நைட்ரஜனும் 99.999 சதவீதத் தூய்மையில் வேண்டும். அதற்குப் பிறகும் வழியில் சூடான, ஒடுக்கப்பட்ட தாமிர வடிகட்டி ஒன்று ஆக்சிஜனுக்கு, மாலிகுலர் சீவ் ஒன்று ஈரத்துக்கு. ஆர்கானைச் சுத்திகரிக்க வைத்திருக்கும் சூடான டைட்டானியம் ஸ்பாஞ்சை அப்படியே நைட்ரஜன் வழியில் மாட்டிவிடுவது ஆய்வகங்களில் அடிக்கடி நடக்கும் தவறு. அந்தச் சூட்டில் டைட்டானியம் நைட்ரஜனையே தின்னும்.

பாதுகாப்பு பற்றி இரண்டு விஷயம். ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை கலந்தால் தீப்பிடிக்கும். எனவே குழாயை வெற்றிடமாக்கிக் கசிவில்லை என்று பார்த்த பிறகே ஹைட்ரஜனை விட வேண்டும், வெளியேறும் வாயுவைக் கட்டடத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். அடுத்து, ஹைட்ரைடு தூளும் நுண்ணிய உலோகத் தூளும் காற்றில் தாமாகவே பற்றக்கூடியவை. பற்றினால் தண்ணீரும் வேண்டாம், கார்பன் டை ஆக்சைடு அணைப்பானும் வேண்டாம். உலர்ந்த மணல் வாளி பக்கத்திலேயே இருக்கட்டும்.

2. உலோகத்தைத் தேர்ந்து சுரண்டுதல்

உலோகத்தோடு வரும் விவரச் சீட்டில் 99.9 சதவீதம் என்று போட்டிருந்தால் அது எதற்கான கணக்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் மற்ற உலோகங்களை மட்டும் எண்ணிப் போட்ட எண் அது. ஆக்சிஜன், கார்பன், ஹைட்ரஜன் அந்தக் கணக்கில் வராது. ஆக்சிஜன் அளவைத் தனியாகக் குறித்த சான்றிதழ் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாலும் தகும். உள்ளே கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பின்னால் எந்தப் படியிலும் வெளியேற்ற முடியாது.

தூளாக வாங்காதீர்கள், கட்டியாக வாங்குங்கள். தூளின் மேற்பரப்பு முழுக்க ஆக்சைடு. கட்டியை கிளவ் பாக்ஸுக்குள் வைத்து அரத்தால் மேற்பரப்பைப் பளபளப்பு வரும் வரை தேய்த்து, சிறு துண்டுகளாக வெட்டி எடைபோடுங்கள். அமிலத்தில் கழுவும் பழக்கம் இங்கே உதவாது. பளபளப்பு வரும், கூடவே ஈரமும் ஹைட்ராக்சைடும் ஒட்டிக்கொள்ளும்.

இந்த எடையை நான்கு தசம இலக்கத்துக்குக் குறித்துவையுங்கள். பின்னால் வரும் கணக்கெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

3. மாதிரி இல்லாமல் ஒரு முறை ஓட்டிப் பார்த்தல்

பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப்போகும் படி இது. என்னைக் கேட்டால் மற்ற எதையும்விட முக்கியமானது.

காலிக் குழாயையும் படகையும் வெற்றிடத்தில் சூடாக்கி, சுவரில் ஒட்டியிருக்கும் ஈரத்தை வெளியேற்றுங்கள். பிறகு பம்ப் வால்வை மூடிவிட்டு அழுத்தமானியைப் பாருங்கள். அழுத்தம் ஏறி ஒரு நிலையில் நின்றால் சுவரிலிருந்து வாயு விடுபடுகிறது. இன்னும் சூடாக்கினால் சரியாகும். நிற்காமல் ஒரே சீராக ஏறிக்கொண்டே போனால் கசிவு. ஓ-ரிங்கில் தொடங்கித் தேடுங்கள்.

அடுத்து, பளபளப்பான டைட்டானியம் தகடு ஒன்றைப் படகில் வைத்து, ஆர்கானில் 800 °செ வரை சூடாக்கி ஆறவிடுங்கள். வெளியே எடுக்கும்போது வெள்ளியாகவே இருந்தால் தொடரலாம். வைக்கோல் நிறமோ நீலமோ ஏறியிருந்தால் அமைப்புக்குள் ஆக்சிஜன் வருகிறது. இந்தச் சோதனையை நைட்ரஜனில் செய்யாதீர்கள். டைட்டானியம் நைட்ரைடே பொன்னிறம்தான், எதனால் வந்த நிறம் என்று சொல்ல முடியாது.

4. ஹைட்ரைடாக்குதல்

உலோகத் துண்டை நேரடியாக நைட்ரஜனில் சூடாக்கினால் என்ன? மேற்பரப்பில் நைட்ரைடு தோல் உண்டாகும். அதைத் தாண்டி உள்ளே நைட்ரஜன் பரவுவது மிக மெதுவாக நடக்கும். அதனால்தான் நேரடி வழியில் போகிறவர்கள் 1500 °செக்கு மேலும் உயர் அழுத்தத்துக்கும் போகிறார்கள். ஹைட்ரஜன் அப்படியல்ல, சுலபமாக உள்ளே பரவும். டைஹைட்ரைடாக (ஒரு கடோலினியத்துக்கு இரண்டு ஹைட்ரஜன்) மாறும்போது பொருளின் கன அளவு சுமார் 13 சதவீதம் கூடுவதால் துண்டு தானே வெடித்து நொறுங்கும்.

படகை கிளவ் பாக்ஸுக்குள்ளேயே குழாயில் ஏற்றி, வால்வை மூடி, உலைக்குக் கொண்டுவாருங்கள். வெற்றிடத்தில் 400 °செ வரை சூடாக்கிய பிறகு ஹைட்ரஜனை விடுங்கள். குளிர்ந்த நிலையிலேயே விட்டால் மேற்பரப்பின் மெல்லிய ஆக்சைடு தடுத்து நிற்கும். எப்போது வினை தொடங்கும் என்று தெரியாது, தொடங்கினால் ஒரேயடியாக ஓடும்.

1 கிராம் உலோகம் டைஹைட்ரைடாக அறை வெப்பநிலைக் கணக்கில் சுமார் 156 மி.லி. ஹைட்ரஜன் எடுக்கும். அழுத்தம் சடசடவென்று இறங்குவது கண்ணுக்கே தெரியும். குறையக் குறைய நிரப்பிக்கொண்டே வாருங்கள், 500 °செயில் நிலைநிறுத்துங்கள், பிறகு ஹைட்ரஜனிலேயே மெதுவாக ஆறவிடுங்கள். ஆறும்போது ஒரு பகுதி டிரைஹைட்ரைடாகவும் (மூன்று ஹைட்ரஜன்) மாறும். அதில் தவறில்லை.

கிளவ் பாக்ஸில் எடைபோடுங்கள். முழுக்க டைஹைட்ரைடு என்றால் 1.28 சதவீதம் கூடியிருக்கும். முழுக்க டிரைஹைட்ரைடு என்றால் 1.92. இரண்டுக்கும் நடுவே இருந்தால் சரி. 1.92ஐத் தாண்டினால் அந்த மிச்ச எடை ஆக்சிஜன்தான், வேறு விளக்கம் தேட வேண்டாம். 1.28க்குக் கீழே என்றால் நடுவில் உலோகம் மிச்சமிருக்கிறது. மறுபடி ஹைட்ரஜன் கொடுங்கள்.

5. பொடித்தல்

கிளவ் பாக்ஸுக்குள் அகேட் உரலில் அரையுங்கள். ஹைட்ரைடு சுலபமாகப் பொடியும். தட்டையாக நசுங்கிப் பளபளக்கும் துணுக்கு ஏதாவது அகப்பட்டால் அது மாறாத உலோகம், பொறுக்கி எறியுங்கள். மாவு மாதிரி நைசாக அரைக்கத் தேவையில்லை. மேற்பரப்பு கூடக்கூட பெட்டிக்குள் இருக்கும் மிச்சசொச்ச ஆக்சிஜனும் கூடுதலாக ஒட்டும்.

6. நைட்ரஜன் கொடுத்தல்

வாயுவை ஓடவிட்டுச் செய்வதா, மூடிய குழாயில் செய்வதா என்ற கேள்வி இங்கே வரும். ஓடும் வாயு அசுத்தத்தை அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைக்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தலைகீழாக இருக்கிறது. நிமிடத்துக்கு 100 மி.லி. வீதம் 10 மணி நேரம் விட்டால் 60 லிட்டர் நைட்ரஜன். அதில் 5 பி.பி.எம். ஆக்சிஜன் இருந்தால் 0.3 மி.லி. அதை முழுவதும் மாதிரி பிடித்துக்கொண்டால் சுமார் 3 மில்லிகிராம் ஆக்சைடு. 1 கிராம் மாதிரியில் இது சின்ன எண் அல்ல. மூடிய 1 லிட்டர் அமைப்பில் அரை வளிமண்டல அழுத்தத்துக்கு நிரப்பினால் உள்ளே வரும் ஆக்சிஜன் இதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆகவே மூடிய குழாயில், அவ்வப்போது வாயுவை மாற்றிச் செய்வதே என் பரிந்துரை. 1 கிராமுக்கு வேண்டிய நைட்ரஜன் சுமார் 78 மி.லி.தான். ஆனால் வெளியேறும் ஹைட்ரஜன் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அத்துடன் சூடாகும்போது அழுத்தம் தானாகவும் ஏறும். அரை வளிமண்டலத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம் என்பதற்கு இதுதான் காரணம். குவார்ட்ஸ் குழாய் உள்ளழுத்தத்தைத் தாங்கச் செய்ததல்ல. அழுத்தம் மீறினால் திறக்கும் வால்வு ஒன்றும் கட்டாயம் வேண்டும்.

சூடேற்றுவதற்கு முன் ஹைட்ரஜனை வெற்றிடத்தில் முழுக்க இழுத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். அப்படிச் செய்தால் புதிய உலோகத் தூள் கிடைக்கும். அது சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், பொடித்த பயன் போய்விடும். நைட்ரஜன் இருக்கும்போதே ஹைட்ரைடு பிரிவதுதான் நமக்கு நல்லது.

நிமிடத்துக்கு 2 அல்லது 3 °செ வேகத்தில் ஏற்றுங்கள். வினை வெப்பத்தை வெளிவிடும். வேகமாக ஏற்றினால் தூளின் நடுப்பகுதி உலை காட்டும் எண்ணைவிடச் சூடாகி இறுகும். 800 °செ தொட்டதும் அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கு வரை இறக்கிப் புது நைட்ரஜன் நிரப்புங்கள். மூன்று தடவை செய்தால் ஹைட்ரஜன் ஆயிரத்தில் ஒரு பங்காகும். பிறகு 1000 °செயில் 10 மணி நேரம்.

ஆறவிடுவதும் நைட்ரஜனிலேயே. கடைசியில் சுத்தமாக இருக்கட்டும் என்று சூட்டோடு வெற்றிடம் வைத்தால் படிகத்திலிருந்து நைட்ரஜன் வெளியேறிக் காலியிடங்கள் விழும். ஒவ்வொரு காலியிடமும் எலெக்ட்ரான்களைக் கொடுக்கும். காந்த, மின் பண்புகள் ஆளுக்கொரு மாதிரி வெளியாவதற்குப் பெரிய காரணம் இந்தக் காலியிடங்கள்தான்.

7. மறுபடி அரைத்து மறுபடி சூடாக்குதல்

ஒரே சுற்றில் முடிந்துவிட்டது என்று நம்பாதீர்கள். கிளவ் பாக்ஸில் அரைத்து, ஆறாவது படியை இன்னொரு முறை செய்யுங்கள். ஆரம்ப உலோக எடையிலிருந்து 8.91 சதவீதம் கூடியிருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் ஆக்சிஜன். சரியாக 8.91 வந்தாலும் கொண்டாட வேண்டாம்: கொஞ்சம் மாறாத உலோகமும் கொஞ்சம் ஆக்சைடும் சேர்ந்தாலும் அதே எண் வரும்.

8. எக்ஸ்-கதிர் சோதனை

காற்றுப்புகாத மூடியுள்ள தாங்கியில், கிளவ் பாக்ஸுக்குள்ளேயே தூளை நிரப்புங்கள். அது இல்லையென்றால் கேப்டான் என்ற பிளாஸ்டிக் படலத்தால் மூடி ஓரத்தை ஒட்டலாம். சிறு கோணத்தில் அகன்ற மேடு ஒன்று வரும், அது கேப்டானுடையது.

காப்பர் கே-ஆல்பா கதிருக்கு (தாமிரக் குழாய் தரும் எக்ஸ்-கதிருக்கு) இரண்டு தீட்டா என்னும் சிதறல் கோணத்தில் 31.0, 35.9, 51.8, 61.6 டிகிரியை ஒட்டி நைட்ரைடின் உச்சங்கள் வரும். 28.6இல் ஏதாவது தலைகாட்டினால் அது ஆக்சைடு. 29.2 அருகே என்றால் மிச்சமிருக்கும் டைஹைட்ரைடு.

பின்னணி ஏன் இவ்வளவு உயரமாக இருக்கிறது என்று எல்லோரும் கேட்பார்கள். காப்பர் கே-ஆல்பாவின் ஆற்றல் 8.05 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். கடோலினியத்தின் எல்-3 விளிம்பு, அதாவது அது எக்ஸ்-கதிரை உறிஞ்சித் தானே ஒளிரத் தொடங்கும் ஆற்றல், 7.24. ஆகவே மாதிரியே ஒளிர்கிறது. கோபால்ட் குழாய் இருந்தால் அதன் 6.93 இந்த விளிம்புக்குக் கீழே. பின்னணி அடங்கிவிடும், கோணங்களைத்தான் திரும்பக் கணக்கிட வேண்டும். நியூட்ரானுக்குப் போகலாம் என்றால் இயற்கையான கடோலினியம் நியூட்ரானை விழுங்குவதில் பேர்போனது. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

செல் நீளத்தைத் துல்லியமாக எடுக்க உள்ளே ஒரு தரப்பொருள் கலப்போம். சிலிக்கான் வேண்டாம்: அதன் முதல் உச்சம் 28.4இல், ஆக்சைடு வரும் இடத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். லாந்தனம் ஹெக்ஸாபோரைடு நல்லது.

அளவிடும் வரிசையும் முக்கியம். முதலில் 25 முதல் 40 டிகிரி வரை வேகமான ஓட்டம் ஒன்று. பிறகு நீண்ட ஓட்டம். முடிந்ததும் அதே வேகமான ஓட்டம் இன்னொரு தடவை. முதலுக்கும் கடைசிக்கும் நடுவே 28.6 வளர்ந்திருந்தால் தாங்கி கசிகிறது. நடுவில் எடுத்த நீண்ட அளவீட்டை வைத்து எதுவும் எழுத வேண்டாம். உச்சமே இல்லையென்றாலும் மாதிரி சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. ஈரத்தால் உண்டாகும் ஹைட்ராக்சைடு ஆரம்பத்தில் படிக ஒழுங்கு இல்லாதது, எக்ஸ்-கதிருக்குத் தெரியாது.

9. நைட்ரஜனை எண்ணிப் பார்த்தல்

இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நைட்ரைடைக் கரைத்தால் நைட்ரஜன் முழுவதும் அம்மோனியம் அயனியாக மாறும். கல்லூரி ஆய்வகத்தில் உள்ள கெல்டால் காய்ச்சி வடிக்கும் அமைப்பே போதும்: காரம் சேர்த்து, அம்மோனியாவை வடித்து, போரிக் அமிலத்தில் பிடித்துத் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்). 100 மி.கி. தூய நைட்ரைடுக்கு 0.05 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 11.68 மி.லி. செலவாக வேண்டும்.

கரைக்கும்போது கவனியுங்கள். நைட்ரைடும் ஆக்சைடும் வாயு விடாமல் கரையும். குமிழி வந்தால் அது ஹைட்ரஜன். உலோகமோ ஹைட்ரைடோ பாக்கி இருக்கிறது. செலவில்லாத சோதனை இது. எடுத்த எடுப்பிலேயே கொதிக்கவைக்காதீர்கள், மூடிய அமைப்பில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

இன்னொரு பங்கைக் கரைத்து, சைலினால் ஆரஞ்சு நிறங்காட்டியோடு, உலோக அயனியைப் பிடிக்கும் ஈ.டி.டி.ஏ. கரைசலால் தரம்பார்த்தால் கடோலினியம் சதவீதம் கிடைக்கும். தூய நைட்ரைடில் 91.8, ஆக்சைடில் 86.8. நைட்ரஜன், கடோலினியம் இரண்டையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மிச்சம் ஏறக்குறைய ஆக்சிஜன்.

காற்றில் 900 °செயில் எரித்து ஆக்சைடாக்கி எடைக்கூடுதலை வைத்து நைட்ரஜனைச் சொல்லும் குறுக்குவழியும் இருக்கிறது. தூய நைட்ரைடுக்கு 5.83 சதவீதம் கூடும். சிக்கல் என்னவென்றால் நைட்ரஜன் குறைவாக இருந்தால் இந்த எண் ஏறும், ஏற்கெனவே ஆக்சைடு இருந்தால் இறங்கும். இரண்டு குறையும் சேர்ந்த மாதிரி சரியான எண்ணைக் காட்டி ஏமாற்றும். தனியாக இதை மட்டும் நம்புவது தவறு.

10. காந்த அளவீடு

ஒன்பதாவது படி முடியாமல் இங்கே வராதீர்கள். நைட்ரஜன், ஆக்சிஜன் அளவு தெரியாத மாதிரியின் கியூரி வெப்பநிலை (எதற்குக் கீழே ஃபெர்ரோ காந்தமாகிறதோ அந்த வெப்பநிலை) யாருக்கும் பயன்படாது.

ஜெலட்டின் கேப்சூலில் தூளை அடைப்பது வழக்கம். அந்தக் கேப்சூலின் எடையில் 13 முதல் 16 சதவீதம் தண்ணீர். நைட்ரைடுக்கு அது நஞ்சு. உருக்கி மூடிய குவார்ட்ஸ் குழலோ இறுக்கமான பிளாஸ்டிக் தாங்கியோ பயன்படுத்துங்கள், தூள் புலத்தில் நகராதபடி அழுத்தி வையுங்கள்.

2 முதல் 5 மி.கி. போதும். முழுக் காந்தமாக்கலில் ஒரு கடோலினியத்துக்கு 7 போர் மேக்னட்டான் (அணுவின் காந்தத் திருப்புத்திறனை அளக்கும் அலகு), அதாவது கிராமுக்குச் சுமார் 228 இ.எம்.யு. (காந்த அளவீட்டுக் கருவிகள் காட்டும் அலகு). அதிகம் வைத்தால் கருவியின் எல்லை தாண்டிவிடும்.

320 கெல்வினிலிருந்து குளிர்வித்துக்கொண்டே 0.01 டெஸ்லா புலத்தில் அளவிடுங்கள். அறை வெப்பநிலைக்கு மேலிருந்து ஏன்? கடோலினியம் உலோகமே 293 கெல்வினுக்குக் கீழே ஃபெர்ரோ காந்தம். மாறாத உலோகம் துளி இருந்தாலும் அங்கே ஒரு படிக்கட்டு தெரியும். 250இலிருந்து தொடங்கினால் அதைப் பார்க்கவே மாட்டீர்கள்.

நைட்ரைடின் ஏற்றம் 60 கெல்வின் வட்டாரத்தில் வரும். வெளியான அளவீடுகளில் 58 முதல் 70 வரை காணலாம். வளைவின் சாய்வு அதிகமான இடத்தைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வதைவிட, பல வெப்பநிலைகளில் புலத்தை மாற்றி அளந்து ஆரட் வரைபடம் (காந்தமாக்கலின் வர்க்கத்துக்கு எதிரே புலம்/காந்தமாக்கல் விகிதம்) போடுவது நம்பகமானது.

அடுத்து வருவது நுட்பமான பொறி. உயர் வெப்பநிலையில் கியூரி–வைஸ் கோடு (காந்த ஏற்புத்திறனின் தலைகீழ் வெப்பநிலையோடு ஏறும் நேர்கோடு) போட்டுப் பயனுறு திருப்புத்திறன் 7.94 போர் மேக்னட்டான் வந்ததும், மாதிரி தூய்மையானது என்று எழுதிவிடுகிறார்கள். ஆக்சைடிலும் அதே மூவிணைதிற கடோலினியம்தான், அங்கேயும் அதே 7.94தான். பாதி ஆக்சைடாக இருந்தாலும் இந்த எண் அசையாது. பார்க்க வேண்டியது அந்தக் கோடு வெப்பநிலை அச்சை வெட்டும் இடமான வைஸ் மாறிலியை: நைட்ரைடுக்கு அது நேர்க்குறி, 60 முதல் 70 கெல்வின் அளவில், ஆக்சைடுக்கு எதிர்க்குறி. கலவையில் நடுவே எங்கோ வந்து நிற்கும்.

2 கெல்வினில் 5 டெஸ்லா வரை அளந்து பாருங்கள். நைட்ரைடு மட்டும் இருந்தால் வளைவு மேலே தட்டையாகும். ஏறிக்கொண்டே போகும் சாய்வு ஆக்சைடு, ஹைட்ராக்சைடு ஆகியவற்றின் பாராகாந்தப் பங்கு (புலம் இருக்கும்போது மட்டும் வரும் பலவீனமான காந்தம்). குறைந்த புலத்தில் மெதுவாக நிறைவடைவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்: காந்தமாக்கல் இவ்வளவு பெரிதாக இருப்பதால், உருண்டையான துகளுக்கே எதிர்ப்புலம் சுமார் 0.87 டெஸ்லா வரும். அந்தத் திருத்தத்தைச் செய்யாமல் உள்புலம் பற்றிப் பேசக் கூடாது.

11. மின்தடை

அழுத்திய வில்லையில் மின்தடை அளந்து, இது குறைகடத்தியா உலோகமா என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். வில்லையில் நீங்கள் அளப்பது துகள்களுக்கு இடையே உள்ள ஆக்சைடு எல்லையை. இந்தக் கேள்விக்கு நல்ல பதில்கள் வெற்றிடத்தில் வளர்த்து, மேலே அலுமினியம் நைட்ரைடு போன்ற காப்புப் படலம் போட்ட மென்படலங்களிலிருந்துதான் வந்திருக்கின்றன. அவற்றில் ஒளியியல் இடைவெளி காந்தநிலைக்கு மேலே 1.3 எலெக்ட்ரான் வோல்ட் அளவிலும், கீழே 0.9 அளவிலும் காணப்பட்டது.

12. சேமிப்பும் கழிவும்

கிளவ் பாக்ஸ் என்றைக்கும் ஒரே நிலையில் இருக்காது. மாதங்கணக்கில் வைக்க வேண்டியதைச் சிறு பங்குகளாகப் பிரித்து ஆர்கானில் கண்ணாடிக் குழல்களில் உருக்கி மூடுங்கள். ஒரே குப்பியைத் திரும்பத் திரும்பத் திறந்தால் கடைசியில் அளவிடும் தூளும் முதலில் அளவிட்ட தூளும் வேறு வேறு பொருளாகிவிடும். குழலின் மேல் உலோகக் கட்டியின் எண், தயாரித்த தேதி, நைட்ரஜன் சதவீதம் மூன்றையும் எழுதுங்கள்.

கழிவை மூடிய குப்பியில் ஈரத்தோடு போட்டால் அம்மோனியா அழுத்தம் கூடும். புகைப்போக்கிக் கூண்டுக்குள் நீர்த்த அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, குமிழி முழுக்க நின்ற பிறகு, அருமண் கரைசல்களுக்கான தனிக் கலனில் ஊற்றுங்கள். ஹைட்ரைடு படிந்த துடைப்புத் தாளை நேராகக் குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. கிளவ் பாக்ஸிலிருந்து மூடிய டப்பாவில் எடுத்து வந்து, கூண்டுக்குள் உலர்ந்த மணலின் மேல் வைத்துத் திறந்து, காற்றில் முழுக்க வெளுத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.